ஒரே ஒரு இங்கிலாந்துக் கிராமம் பார்ப்பதென்றால் ஏவ்பரிக்குப் போங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா லண்டனுக்கு வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு நல்ல இங்கிலாந்துக் கிராமத்தையும் அதன் பக்கத்தில் உள்ள பழைய இடங்களையும் காட்ட வேண்டும், கையில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக் கிராமங்கள், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழைய கல்வட்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் பஸ் டூர் இருக்கிறதே, அதில் ஏறிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஏற வேண்டாம். அப்படிப்பட்ட டூரில் ஊருக்கு முக்கால் மணி நேரம் கொடுப்பார்கள். அதில் பாதி, கழிவறை வரிசையிலும் காபி வரிசையிலும் போய்விடும். மிச்சத்தில் நான்கு படம் எடுத்துக்கொண்டு மறுபடி பஸ். வயதானவர்களுக்கு அது வெறும் அலைச்சல். ஒரே ஊருக்குப் போய் நாள் முழுக்க அங்கேயே மெதுவாக நடப்பதுதான் நல்லது. அப்படி ஒரு நாளைத் தாங்கக்கூடிய ஊர் என்று என்னைக் கேட்டால், வில்ட்ஷர் மாவட்டத்தில் உள்ள ஏவ்பரி.

காரணம் இருக்கிறது. மற்ற இடங்களில் கிராமம் ஒரு பக்கம், வரலாற்றுச் சின்னம் ஒரு பக்கம். இங்கே 4,500 ஆண்டுக்கு மேல் பழமையான கல்வட்டத்துக்கு உள்ளேயே பாதி ஊர் உட்கார்ந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய கல்வட்டம் இது. நடுவில் நெடுஞ்சாலை போகிறது, பப் இருக்கிறது, ஆடு மேய்கிறது. வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது. கல்லைத் தொடலாம், சாய்ந்துகொள்ளலாம். ஸ்டோன்ஹெஞ்சில் பணம் கட்டி உள்ளே போனாலும் சாதாரண நேரத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் போகிற வழி. பேடிங்டன் நிலையத்திலிருந்து ஸ்விண்டனுக்கு ரயில், சுமார் ஒரு மணி நேரம். ஸ்விண்டன் பஸ் நிலையத்தில் 49ஆம் எண் பஸ் பிடித்தால் ஏவ்பரியில், அந்த பப் வாசலிலேயே இறக்கிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள். காரில் வந்தால் எம்4 சாலை, மார்ல்பரோ ஊர், அப்புறம் ஏ4. போக்குவரத்தைப் பொறுத்து இரண்டு மணி நேரம். ஊருக்குத் தெற்கே, பழைய இடங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் பார்க்கிங் இருக்கிறது, கட்டணம் உண்டு. ஊருக்குள் சந்து பொந்தில் நிறுத்தி இடம் தேடாதீர்கள். வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள்.

பெற்றோரோடு போவதால் காரே வசதி. சுற்றியுள்ள இடங்கள் எல்லாமே சில கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அவற்றுக்கு இடையே ஏற்ற இறக்கம் உண்டு.

வட்டத்துக்குள் நுழைந்ததும் கல்லைப் பார்த்து ஓடாதீர்கள். முதலில் கரையின் மேல் ஏறுங்கள். ஊரைச் சுற்றி ஒரு பெரிய மண் கரை, அதற்கு உள்பக்கம் அகழி. அகழி வழக்கமாகக் கோட்டைக்கு வெளிப்பக்கம் இருக்கும். இங்கே தலைகீழ். ஆகவே இது எதிரியைத் தடுக்கக் கட்டியது இல்லை என்பதில் தொல்லியலாளர்களுக்குச் சந்தேகம் இல்லை. இன்று நீங்கள் பார்க்கும் அகழி பாதிக்கு மேல் தூர்ந்துபோனது. வெட்டிய காலத்தில் அதன் ஆழம் ஏறக்குறைய 9 மீட்டர். மூன்று மாடி ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியவர்களிடம் இரும்பு கிடையாது, வெண்கலமும் வரவில்லை. உதிர்ந்த மான் கொம்புதான் கடப்பாரை. 1908 முதல் 1922 வரை ஹெரால்ட் செயின்ட் ஜார்ஜ் கிரே என்ற தொல்லியலாளர் அகழியின் அடிவரை தோண்டியபோது அந்தக் கொம்புகள் அப்படியே கிடைத்தன. மண்ணுக்கு அடியில் இருப்பது வெள்ளைச் சுண்ணப்பாறை. ஆகவே புதிதாக வெட்டியபோது கரை, அகழி எல்லாம் பளீர் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பச்சைப் புல் போர்த்திக் கிடப்பதை வைத்து அதைக் கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

கரைமேல் நின்றால் மொத்தமும் விளங்கும். விளிம்பில் ஒரு பெரிய வட்டம், ஆதியில் சுமார் 100 கற்கள். அதற்குள் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு சின்ன வட்டங்கள். சின்னது என்று சொல்வது ஒப்புக்குத்தான். இந்த இரண்டில் எதுவுமே தனியாக வேறு ஊரில் இருந்திருந்தால் அந்த ஊர் அதை வைத்தே பிழைத்திருக்கும். கற்கள் எல்லாம் சார்சன் என்ற கெட்டியான மணற்கல் வகை. செதுக்கவில்லை, கிடைத்த வடிவிலேயே நட்டிருக்கிறார்கள். வடக்கு வாசலில் சாலையோரமாக ஒரு பெரும் கல் நிற்கிறது, ஸ்விண்டன் கல் என்று பெயர். நட்ட நாளிலிருந்து விழாத சில கற்களில் அது ஒன்று. வடக்கு வட்டத்தின் நடுவே கோவ் என்று சொல்லும் இடத்தில் இரண்டு ராட்சதக் கற்கள். அதில் ஒன்று சாய்கிறது என்று 2003இல் அடியில் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்தால் எடை 100 டன் வரை வரும் என்று கணக்கிட்டார்கள்.

இப்போது கவனியுங்கள்: வட்டத்தில் இடையிடையே கல்லுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன கான்கிரீட் முளைகள் நிற்கும். பலர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போவார்கள். ஏவ்பரியின் கதையில் பாதி அந்த முளைகளில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் காணாமல்போன ஒரு கல்லின் இடம். வெளிவட்டத்துக் கற்களில் இன்று கண்ணுக்குத் தெரிவது சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

எங்கே போயின? முதல் கட்டம் 14ஆம் நூற்றாண்டு வாக்கில். ஊர்க்காரர்கள் கல்லின் அருகே குழி தோண்டி, கல்லைச் சாய்த்து, மண்ணைப் போட்டு மூடினார்கள். விதைக்க இடம் வேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பழைய தெய்வத்தின் கல் என்ற பயமும் தேவாலயத்தின் தூண்டுதலும் இன்னொன்றாக இருக்கலாம். உடைக்காமல் புதைத்தார்கள் என்பதைப் பார்த்தால் பயம் கொஞ்சம் இருந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்துச் செய்தி ஒன்று 1938இல் வெளியே வந்தது. தென்மேற்குப் பகுதியில் புதைந்திருந்த ஒரு கல்லைத் தூக்கியபோது அடியில் ஓர் ஆணின் எலும்புக்கூடு. கூடவே ஒரு கத்தரிக்கோல், மருத்துவர் வைத்திருக்கும் கூர்முனைக் கருவி ஒன்று, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைக் காட்டும் வெள்ளி நாணயங்கள். முடி வெட்டுவதும் சிறு வைத்தியம் பார்ப்பதும் ஒரே ஆள் செய்த காலம் அது. ஊர் ஊராகப் போகும் அப்படிப்பட்ட நாவிதர் ஒருவர், கல்லைச் சாய்க்க உதவிக்கு வந்து அதன் அடியிலேயே மாட்டிக்கொண்டார் என்று கதை எழுந்தது. எலும்புகளை லண்டனில் உள்ள அறுவை மருத்துவர் கழகத்துக்கு அனுப்பினார்கள். உலகப்போரில் அங்கே குண்டு விழுந்தது, எலும்புகளும் அழிந்தன என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1990களின் கடைசியில் பார்த்தால், பத்திரமாக வேறொரு காட்சியகத்தின் சேமிப்பில் இருக்கிறது. திரும்ப ஆராய்ந்தபோது எலும்பில் நசுங்கிய அடையாளம் இல்லை. ஆகவே கல் விழுந்து செத்தாரா, செத்தபின் அந்தக் குழியில் போட்டார்களா என்பது தீராத வழக்கு. வழிகாட்டிகள் இன்னமும் முதல் கதையைத்தான் சொல்வார்கள். அது நன்றாக விற்கிறது.

இரண்டாம் கட்டம்தான் கொடுமை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் வீடு கட்ட, சுவர் எழுப்பக் கல் தேவைப்பட்டது. கல்லைக் குழிக்குள் சாய்த்து, வைக்கோல் போட்டுத் தீ மூட்டி, நன்றாகச் சூடேறியதும் கோடு கோடாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, பெரிய சம்மட்டியால் அடித்து உடைத்தார்கள். வில்லியம் ஸ்டக்லி என்ற மருத்துவர் 1719இலிருந்து சில ஆண்டுகள் இங்கே வந்து, ஒரு பக்கம் கல் உடைபட, இன்னொரு பக்கம் அளந்து, படம் வரைந்து, யார் எந்தக் கல்லை உடைத்தார் என்பதுவரை எழுதிவைத்தார். டாம் ராபின்சன் என்பவர் மேல்தான் அவருக்குக் கோபம் அதிகம். கட்டியவர்கள் ட்ருயிட் எனப்படும் பழைய கெல்ட் இனப் பூசாரிகள் என்று ஸ்டக்லி முடிவுகட்டியது தவறு. ட்ருயிட்கள் இந்தக் கற்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து வந்தவர்கள். ஆனால் அவர் எடுத்த அளவுகள் இல்லாவிட்டால் எங்கே எந்தக் கல் இருந்தது என்பதே தெரிந்திருக்காது.

ஊருக்குள் நடக்கும்போது பழைய வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒழுங்கற்ற சாம்பல் நிறக் கற்கள், சிலவற்றில் தீ பட்ட செம்மை. அதெல்லாம் வட்டத்திலிருந்து போனவை. இதில் ஒரு வேடிக்கை, சார்சன் வீடு கட்ட நல்ல கல்லே இல்லை. குளிர்காலத்தில் சுவரில் ஈரம் கோத்துக்கொண்டு வியர்க்கும். இவ்வளவு பாடுபட்டு உடைத்தவர்களுக்குக் கிடைத்தது ஓதம் அடிக்கும் வீடு.

ஸ்டக்லிக்கு முன்பே இந்த இடத்தைக் கண்டு சொன்னவர் ஜான் ஆப்ரி என்ற பழம்பொருள் ஆர்வலர். 1649 ஜனவரியில் வேட்டைக்குப் போன வழியில் இதைப் பார்த்து அசந்துபோனார். 1663இல் மன்னர் இரண்டாம் சார்லஸையே கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். ஸ்டோன்ஹெஞ்சை ஒரு சாதாரண ஊர்ச் சர்ச் என்றால் ஏவ்பரி பேராலயம் என்பது அவர் கருத்து. நானும் அவர் கட்சி.

பிறகு வந்தவர் ஜான் லப்பக், வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர். வட்டத்துக்குள் வீட்டுமனை போடப்போகிறார்கள் என்று தெரிந்து 1871இல் அந்த நிலத்தைத் தானே வாங்கினார். அதே ஆண்டுதான் பிரிட்டனில் பேங்க் ஹாலிடே என்ற பொது விடுமுறைச் சட்டமும் அவர் முயற்சியில் வந்தது. 1882இல் பழஞ்சின்னங்களைக் காக்கும் முதல் சட்டத்தையும் கொண்டுவந்தார். 1900இல் பிரபு பட்டம் கொடுத்தபோது அவர் எடுத்துக்கொண்ட பெயர் லார்டு ஏவ்பரி. நீங்கள் திங்கட்கிழமை விடுமுறையில் ஏவ்பரிக்குப் போனால், விடுமுறைக்கும் இடத்துக்கும் நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒருவரே.

கடைசியாக அலெக்சாண்டர் கீலர். டண்டீ நகரத்து மார்மலேட் கம்பெனியின் வாரிசு, பணத்துக்குக் குறைவில்லை. பக்கத்து விண்ட்மில் ஹில்லில் மார்க்கோனி கம்பெனி வானொலிக் கோபுரம் வைக்க வந்தபோது, அதைத் தடுக்க 1924இல் அந்தக் குன்றையே விலைக்கு வாங்கினார். 1930களில் ஏவ்பரியின் பெரும்பகுதியையும் வாங்கி, புதைந்த கற்களை எடுத்து மறுபடி நட்டார். இன்று மேற்குப் பக்கம் வரிசையாக நிற்பவற்றில் பெரும்பாலானவை அவர் நட்டவை. கான்கிரீட் முளைகளும் அவர் வைத்ததுதான். 1943இல் எல்லாவற்றையும் நேஷனல் டிரஸ்டுக்கு விற்றார்.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. கல்லுக்கு இடைஞ்சல் என்று வட்டத்துக்குள் இருந்த குடிசைகளையும் கொட்டகைகளையும் இடித்தார்கள். கீலருக்குப் பிறகும் அது கொஞ்ச காலம் தொடர்ந்தது. அங்கிருந்த குடும்பங்கள் மேற்கே ஏவ்பரி ட்ரஸ்லோ என்ற இடத்தில் கட்டிய வீடுகளுக்குப் போனார்கள். கற்களைக் கிராமத்திடமிருந்து காப்பாற்றினார்கள், சரி. கிராமத்தைக் கற்களிடமிருந்து யாரும் காப்பாற்றவில்லை. வட்டத்துக்குள் இப்போது இருக்கிற அமைதி, ஓரளவுக்கு ஆட்களை அகற்றி வந்த அமைதி. நேரம் இருந்தால் ட்ரஸ்லோ வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். படம் எடுக்க ஒன்றுமில்லாத சாதாரணத் தெருதான், இந்தக் கதை தெரிந்தபின் பார்க்கத் தோன்றும்.

கல்வட்டத்துக்கு வெளியே மேற்குப் பக்கம் தேவாலயம், மேனர் என்ற பழைய பிரபு வீடு, பழைய வைக்கோல் கூரைக் களஞ்சியம், 16ஆம் நூற்றாண்டுப் புறாக்கூடு எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் சுவர்களில் ஆயிரம் ஆண்டு பழைய சாக்சன் காலப் பகுதிகள் உண்டு. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள், வேலைப்பாடு கொண்ட மர மேடை ஒன்று குறுக்கே போகும். கிறிஸ்தவ மதச் சீர்திருத்தக் காலத்தில் இவற்றையெல்லாம் உடைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, பூச்சுச் சுவருக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். 1810இல்தான் திரும்பக் கண்டெடுத்தார்கள். இங்கிலாந்தில் இப்படித் தப்பியவை அபூர்வம். மேனர் வீட்டுக்குள் 2024 ஜனவரியில் வெள்ளம் புகுந்தது. ஆகவே உள்ளே விடுகிறார்களா என்று நேஷனல் டிரஸ்ட் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். குதிரை லாயத்திலும் களஞ்சியத்திலும் உள்ள கீலர் காட்சியகம் சின்னது, அரை மணி நேரம் போதும். அதைக் கற்களைப் பார்த்த பிறகு பாருங்கள்.

இனிச் சுற்றுவட்டாரம்.

தெற்கு வாசலிலிருந்து இரண்டு வரிசைக் கற்கள் வயல்வெளியில் நீண்டு போகும். வெஸ்ட் கெனட் அவென்யூ. ஆதியில் சுமார் 100 ஜோடிக் கற்கள், இரண்டரை கிலோமீட்டர் தூரம். அப்பா அம்மாவுக்கு முதல் அரைக் கிலோமீட்டர் போதும். சமதளம், ஆட்டுப் பட்டி, நல்ல காற்று. அதன் மறுமுனை சாங்க்சுவரி என்ற இடம். அங்கே இருந்த வட்டங்களை 1720களில் உடைத்துத் துடைத்துவிட்டார்கள். 1930இல் மாட் கன்னிங்டன் என்ற பெண் தொல்லியலாளர் ஸ்டக்லியின் குறிப்பை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தார். இப்போது அங்கே இருப்பது கான்கிரீட் அடையாளங்கள் மட்டும். உங்களுக்கு நடக்க ஆசை இருந்தால் ஒழிய, காரிலிருந்து இறங்க வேண்டாம். ரிட்ஜ்வே என்ற 139 கிலோமீட்டர் நடைபாதை தொடங்குவது அதற்கு எதிரில்தான்.

சில்பரி மேட்டைத் தவறவிட வழியே இல்லை. ஏ4 சாலையோரத்தில், 30 மீட்டருக்கு மேல் உயரமாக, உச்சி தட்டையாக நிற்கும். மனிதர் கையால் குவித்தது. கி.மு. 2400 வாக்கில் கட்டியது, ஐரோப்பாவில் வரலாற்றுக்கு முந்தைய செயற்கை மேடுகளில் இதுவே பெரிது. உள்ளே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. தங்கக் குதிரை மேல் சில் என்ற அரசன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர்க்கதை. அதை நம்பியோ நம்பாமலோ 1776இல் உச்சியிலிருந்து கிணறு போல் தோண்டினார்கள், 1849இல் பக்கவாட்டில் சுரங்கம் போட்டார்கள், 1968இல் பிபிசி கேமராவோடு மறுபடி குடைந்தார்கள். அரசனும் இல்லை, கல்லறையும் இல்லை. கிடைத்ததெல்லாம் முதல் அடுக்கில் அமுங்கிக் கிடந்த புல், பாசி, பூச்சிகள். எதற்காக இத்தனை லட்சம் டன் மண்ணைக் குவித்தார்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் தோண்டியவர்கள் ஒழுங்காக மூடவில்லை. 2000ஆம் ஆண்டு மழையில் அந்த 1776 குழி உச்சியில் பொக்கென்று உள்வாங்கிவிட்டது. உள்ளே இருந்த ஓட்டைகளைச் சுண்ணக்கல் கொண்டு நிரப்பும் வேலை 2008இல்தான் முடிந்தது. மேலே ஏறத் தடை. யாராவது ஏறுவதைப் பார்த்து நீங்களும் கிளம்பாதீர்கள். கீழிருந்து பார்க்கவே தனி இடம் விட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து சாலைக்கு எதிர்ப்புறம், குன்றின் மேல், வெஸ்ட் கெனட் நீள்கல்லறை. என் கணக்கில் இந்த வட்டாரத்தில் கல்வட்டத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சாலையோரம் காரை நிறுத்திவிட்டு வயல் நடுவே ஒரு முக்கால் கிலோமீட்டர் மெல்ல ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம், நின்று நின்று போனால் முடியும். சுமார் 100 மீட்டர் நீளமான மேடு. ஒரு முனையில் பெரிய கற்களுக்குப் பின்னால் நுழைந்தால் இருபக்கமும் இரண்டிரண்டு, கடைசியில் ஒன்று என ஐந்து சின்ன அறைகள். கட்டியது கி.மு. 3650 வாக்கில், கல்வட்டத்தைவிட பல நூறு ஆண்டு பழசு. குறைந்தது 36 பேரின் எலும்புகள் எடுத்திருக்கிறார்கள், கிழவர்கள் முதல் குழந்தைகள் வரை. முதலில் உடல் வைத்தது எல்லாம் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் முடிந்துவிட்டது என்று புதிய காலக்கணிப்பு சொல்கிறது. அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகள் கதவு திறந்தே கிடந்து, பின்னர்தான் பெரிய கற்களை வைத்து வாசலை அடைத்தார்கள். உள்ளே இருட்டாக இருக்கும், டார்ச் எடுத்துப் போங்கள். இதற்கும் டிக்கெட் கிடையாது. சில நாள் உள்ளே யாராவது பூவும் தானியமும் வைத்திருப்பார்கள், மெழுகுவத்திகூட ஏற்றியிருப்பார்கள். மெழுகுவத்தி மட்டும் வேண்டாம், கல்லில் விரிசல் விடுகிறது.

ஆண்டின் மிக நீண்ட பகலான ஜூன் 21ஐ ஒட்டி இங்கே வராதீர்கள். வெள்ளை அங்கி, முரசு, கூட்டம் என்று ஊர் திமிலோகப்படும், பார்க்கிங்கும் கிடைக்காது. மற்றபடி ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை நல்ல காலம். மே முதல் வாரம் வந்தால் மார்ல்பரோவுக்குப் பக்கத்தில் வெஸ்ட் வுட்ஸ் காட்டில் நீலமணிப் பூக்கள் தரை முழுக்க விரிந்திருக்கும். அந்தக் காட்டுப் பக்கத்திலிருந்துதான் ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய சார்சன் கற்களில் பெரும்பாலானவை போயின என்று 2020இல் வேதியியல் ஆய்வில் தெரிந்தது. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும்.

காலில் நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம். சுண்ணப்பாறை மண் மழையில் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். புடவையும் செருப்பும் ஊருக்குள் சரி, மேட்டுக்குச் சரிப்படாது. திறந்த வெளியில் காற்றுக்குக் குடை நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டுதான். பாதையோரம் கோடையில் நெட்டில் செடி வளர்ந்திருக்கும், பட்டால் நம்மூர்க் காஞ்சொறி மாதிரி எரியும். வயல் நடுவே போகும் பாதைகளில் மஞ்சள் அம்பு போட்டிருந்தால் அது பொதுவழி. அடுத்தவர் நிலமாயிற்றே என்று தயங்க வேண்டாம், நடக்கச் சட்டப்படி உரிமை இருக்கிறது. நீங்கள் திறந்த கதவை மட்டும் திரும்ப மூடிவிட்டுப் போங்கள். ஆடு வெளியே போனால் விவசாயிக்குத்தான் தலைவலி.

சாப்பாடு. கல்வட்டத்துக்குள்ளேயே இருக்கும் பப்பின் பெயர் ரெட் லயன். வைக்கோல் கூரைக் கட்டடம், உள்ளே பழைய கிணறு ஒன்றைக் கண்ணாடி போட்டு மேஜையாக்கியிருக்கிறார்கள், பேய்க் கதையும் உண்டு. பப்புக்குக் குடிக்காதவர்களும் குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம், அப்பா அம்மா தயங்கினால் சொல்லுங்கள். கவுண்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கம். உட்கார்ந்துகொண்டு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முக்கியமான விஷயம், கிராமத்துப் பப்புகளில் பல மதியம் இரண்டரை மணிவாக்கில் அடுப்பை அணைத்துவிட்டு ஆறு மணிக்குத்தான் மறுபடி மூட்டும். மூன்று மணிக்குப் பசியோடு போனால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு மெனுவில் ஒன்றிரண்டு இருக்கும், காரம் எதிர்பார்க்க வேண்டாம். எலுமிச்சை சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டு வந்து கரையோரப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆட்டுப் புழுக்கை இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

இரண்டாவது நாள் கிடைத்தால் லேகாக். மேற்கே அரைமணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். படங்களில் வரும் இங்கிலாந்துக் கிராமத்தை எதிர்பார்க்கும் அம்மாவுக்கு இது பிடிக்கும். மரச்சட்டம் போட்ட வீடுகள், வளைந்த கூரைகள், டிவி ஆண்டெனாவோ மின்கம்பியோ கண்ணில் படாத தெருக்கள். அதனால்தான் சினிமாக்காரர்கள் இங்கே ஓயாமல் வருகிறார்கள். 1944இல் மாடில்டா டால்பட் என்ற பெண்மணி ஊரையும் அங்குள்ள பழைய கன்னியர் மடத்தையும் நேஷனல் டிரஸ்டுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். வீடுகளில் இன்றும் வாடகைக்கு ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள். மடத்தை 1232இல் நிறுவியவர் சாலிஸ்பரி சீமாட்டி ஈலா. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அது பிரபுவீடாக மாறியது. அங்கே 1835இல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் ஒரு சின்ன ஜன்னலைப் படம் பிடித்தார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் அதுதான், அளவு ஒரு தபால்தலை. அந்த ஜன்னல் இன்னமும் அப்படியே இருக்கிறது, எல்லோரும் போனை எடுத்து அதையே படம் பிடிக்கிறார்கள். இங்கே டிக்கெட் உண்டு, விலை குறைவில்லை, ஆனால் கொடுக்கலாம்.

என்ன சொன்னாலும் ஸ்டோன்ஹெஞ்சைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்ப முடியாது என்று அப்பா சொன்னால், லேகாக்கை விட்டுவிட்டு அந்த இரண்டாம் நாளைத் தெற்கே வையுங்கள். டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுங்கள். காலை முதல் நேரமாக ஸ்டோன்ஹெஞ்ச், பிறகு சாலிஸ்பரி, சாலிஸ்பரிக்குச் சற்று வடக்கே ஓல்டு சேரம் குன்று. சென்னைக்காரர்களுக்கு அந்தக் குன்றோடு ஒரு கணக்கு இருக்கிறது. அதை வாங்கி வைத்திருந்தவர் தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டை கவர்னர். மதராசில் இருந்தபோது ஒரு பெரிய வைரத்தை வாங்கி, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றுக் கொழுத்த லாபம் பார்த்தார். அந்த வைரம் இப்போது பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. ஓல்டு சேரத்தில் குடியிருக்க ஆளே இல்லாமல் போன பிறகும் அது 1832 வரை இரண்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து 1735இல் உள்ளே நுழைந்தவர் பிட்டின் பேரன் வில்லியம் பிட், பின்னாளில் பிரதமர் அளவுக்கு உயர்ந்தவர். குன்றின் மேல் கோட்டையின் இடிபாடு, பழைய பேராலயத்தின் அடித்தளக் கோடு, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் போதும்.

ரயிலில் வந்து ஏவ்பரியை மட்டும் பார்ப்பவர்கள், இறங்கின உடனேயே நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கடைசி பஸ் நேரத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் டாக்சியை மார்ல்பரோவிலிருந்தோ ஸ்விண்டனிலிருந்தோதான் வரவழைக்க வேண்டும்.